ஊழியர் இல்லாத தர்மம்

பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கித் தருவதற்கு நம் நாட்டில் கனவான்கள் இல்லாமற் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டில், அநாதைச் சிறுவர் விடுதிக்கு ஒரு நாள் அன்னம், கிராமத்துக்குக் குடிநீர்த் தொட்டி ஆகியவற்றுக்குக் கொடுப்போர் பலர். கொடுத்தவர் பெயர் கல்லிலும் பொறிக்கப்படுகிறது. ஆனால் அந்தப் பெஞ்சில் உட்காரும் பிள்ளைக்கு மாலை வேளையில் பாடஞ் சொல்லித் தரும் பெண்ணின் மாதச் சம்பளத்துக்கு, அல்லது அந்தத் தொட்டியின் வரவுசெலவை எழுதிச் சர்க்காருக்கு அனுப்பும் குமாஸ்தாவின் சம்பளத்துக்கு உதவி கேட்டுப் பாருங்கள். அதே கனவான்களின் முகம் சுருங்கிவிடும். "எங்கள் பணத்தில் ஒரு ரூபாய்கூட நிர்வாகத்துக்குப் போகக் கூடாது" என்பார்கள். இவ்விதம் சொல்லும்போது தாங்கள் தர்மத்தைக் காப்பாற்றுவதாகவே அவர்கள் மெய்யாக நம்புகிறார்கள் என்பதுதான் வருந்தத்தக்க விஷயம்.

தனி மனிதர்களின் இந்த மனோபாவம் சென்ற சில ஆண்டுகளில் சட்டமாகவும் விதியாகவும் ஒப்பந்தமாகவும் உருக்கொண்டுவிட்டது. லாபநோக்கின்றி நடைபெறும் தொண்டு ஸ்தாபனங்களுக்கு இன்று நேர்ந்துள்ள சங்கடத்தைப் பணமுடை என்று மட்டும் சொல்வது பாதி உண்மையே ஆகும். அந்நியப் பணம் சுருங்கி வருகிறது. கம்பெனிகளின் பணம் நிபந்தனைகளோடு வருகிறது. பொதுஜனங்களின் பணமோ கேட்பாரின்றிச் சிதறிக் கிடக்கிறது. இம்மூன்றிலும் ஒரு பொதுக் குணம் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வரும் பணமாயினும், வேலைக்கு மட்டுமே என்று வருகிறது. வேலை செய்யும் மனிதருக்கென்று வருவதில்லை. இந்நிபந்தனையோடு கோடிக்கணக்கில் வந்தாலும் அந்தப் பணம் ஸ்தாபனத்தை வளர்க்கப் போவதில்லை. நல்ல ஊழியர் ஒருவர் பின் ஒருவராய் விலகிச் செல்ல, பெயர்ப்பலகையும் கட்டிடமும் மாத்திரம் மிஞ்சும்.

முதலில் சட்டத்தைக் கவனிப்போம். அந்நிய உதவியை ஒழுங்குபடுத்தும் சட்டம் முதன்முதல் 1976-இல், நெருக்கடி நிலைமை அமுலில் இருந்த நாட்களில் பிறந்தது. 2010-இல் அதற்குப் பதிலாக வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. 2020 செப்டம்பரில் பார்லிமெண்டு அதைக் கடுமையாகத் திருத்தியது. வெளிநாட்டுப் பணம் பெறும் சங்கங்கள் யாவும் புதுடில்லியிலுள்ள ஸ்டேட் பாங்கின் பிரதானக் கிளையில் கணக்குத் திறந்தாக வேண்டும் என்பது அத்திருத்தத்தின் ஒரு பகுதி. கன்னியாகுமரிக் கோடியில் இருபது பேருடன் நடக்கும் சங்கத்துக்கும் இதே விதிதான். அது ஒரு தொல்லை. ஆயினும் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லை. உயிர்நிலையைத் தொட்டவை வேறு இரண்டு. ஒரு சங்கம் தான் பெற்ற அந்நிய உதவியை இன்னொரு சங்கத்துக்கு மாற்றிக் கொடுப்பதைச் சட்டம் அடியோடு தடை செய்தது. நிர்வாகச் செலவுக்கென்று முன்பு அனுமதிக்கப்பட்டிருந்த ஐம்பது சதவீத வரம்பை இருபது சதவீதமாக வெட்டியது.

மாற்றிக் கொடுக்கத் தடை என்பது கேட்பதற்குச் சாதுவான விதியாகத் தோன்றும். ஆனால் காரியம் நடந்துவந்த விதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கிலீஷில் மனு எழுதவும், அந்நிய தேசத்தாரோடு கடிதப் போக்குவரத்து நடத்தவும், ஆடிட்டரை அமர்த்தவும் வசதியுள்ள பெரிய ஸ்தாபனங்கள் நகரங்களில் உள்ளன. அவை பணத்தைப் பெற்று, மலைக்கிராமத்திலும் உப்பளக் கரையிலும் வேலை செய்யும் சிறு சங்கங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து வந்தன. வாய்க்காலை அடைத்துவிட்டால் ஏரியில் தண்ணீர் இருந்தும் கடைமடை காயும் என்பது நம் தஞ்சை மிராசுதாருக்கும் குடியானவருக்கும் தெரியாததல்ல. 2020-க்குப் பின் கடைமடை காய்ந்தது. மலைக்கிராமத்துச் சங்கம் தானே நேராக வெளிநாட்டுக்கு மனுப்போட வேண்டும் என்பது அதற்கு ஒரு சம்பளக்காரரை வைத்துக்கொள் என்பதற்குச் சமானம். அந்தச் சம்பளமோ நிர்வாகச் செலவு என்ற தலைப்பில் விழுந்துவிடும்.

நிர்வாகச் செலவென்று எதை அழைப்பது? இச்சட்டத்தின் கீழுள்ள விதிகளை நாம் சாவதானமாய்ப் படித்தோம். ஆஸ்பத்திரி டாக்டரின் சம்பளமும் பள்ளி உபாத்தியாயரின் சம்பளமும் அதில் சேரா, அது நியாயமே. காரியங்களை நிர்வகிக்க அமர்த்தப்படுவோரின் ஊதியம், அவர்கள் பிரயாணச் செலவு, ஆபீஸ் வாடகை, மின்சாரம், தபால், கணக்கு வைக்கும் செலவு, வக்கீல் கட்டணம் இவையெல்லாம் சேரும். அறிக்கைகளை எழுதித் தாக்கல் செய்யும் செலவும் சேரும்! ஒரு கையால் அறிக்கை மேல் அறிக்கை கேட்டு, மறு கையால் அதை எழுதுவோனின் கூலியைக் குறைக்கும் விநோதத்தை வேறெந்தத் தொழிலிலும் நாம் கண்டதில்லை. டாக்டரும் உபாத்தியாயரும் அல்லாத ஊழியர்கள் ஆயிரக்கணக்கானோர் உண்டு. கொத்தடிமையிலிருந்து மீண்டவனுக்கு மனு எழுதித் தந்து தாலுகா ஆபீசுக்கு அழைத்துச் செல்பவர், குடிகாரக் கணவனிடம் அடிபட்டு நள்ளிரவில் வரும் பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிடுபவர், பத்துக் கிராமத்து ஊழியர்களை மேற்பார்வை பார்ப்பவர், இவர்களெல்லாம் எந்தத் தலைப்பில் சேருவார்கள்? ஒவ்வொரு வருஷமும் ஆடிட்டரும் காரியதரிசியும் உட்கார்ந்து இதைப்பற்றித் தர்க்கம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இத்திருத்தங்களை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அந்நிய நன்கொடை பெறுவது எவருக்கும் தடையற்ற உரிமையல்ல என்று கூறி, ஆதாருக்குப் பதிலாகப் பாஸ்போர்ட்டையும் ஏற்கலாமென்ற அளவில் தளர்த்திவிட்டு, மற்றவற்றை அப்படியே உறுதிசெய்தது. சட்டப்படி அதுவே முடிவு. அந்நியப் பணத்தைக் கண்காணிக்க ராஜாங்கத்துக்கு உரிமை உண்டென்பதை நாமும் மறுக்கவில்லை. ஒரு தேசத்தின் பொதுவாழ்வு பிறநாட்டார் பணப்பையை நம்பி நிற்பது சுயமரியாதைக்கு ஒத்ததல்ல என்பதும் நம் உறுதியான அபிப்பிராயம். இச்சட்டத்தின்கீழ் 20,000-க்கும் அதிகமான சங்கங்கள் பல ஆண்டுகளில் பதிவை இழந்திருக்கின்றன. அவற்றுள் வெறும் பெயரளவில் இருந்தவையும், கணக்கே காட்டாதவையும் நிறைய உண்டு. ஆயினும் பதிவு எப்பொழுது போகும், எப்பொழுது வரும் என்று தெரியாத நிலையில் எந்த ஊழியர் நிலைத்திருப்பார்? அன்னை தெரஸா நிறுவிய சபைக்கே 2021 டிசம்பரில் பதிவைப் புதுப்பிக்க மறுத்து, அடுத்த மாதமே திரும்பக் கொடுத்தார்கள். உலகறிந்த ஸ்தாபனத்துக்கு இரண்டு வாரத்தில் கதவு திறந்தது. பெயர் தெரியாத சங்கத்துக்கு அவ்வளவு சீக்கிரம் திறக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அந்நியப் பணத்தை நம்புவதிலுள்ள அபாயத்தை 2025-ஆம் ஆண்டு உலகத்துக்கே காட்டிவிட்டது. அவ்வாண்டு ஜனவரி 20-ஆம் தேதி பதவியேற்ற அன்றே அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், வெளிநாட்டு அபிவிருத்தி உதவியைத் தொண்ணூறு நாள் நிறுத்திவைக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். மார்ச்சில், யு.எஸ். எய்டு ஸ்தாபனத்தின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்தாகிவிட்டதென்று அத்தேசத்து அந்நிய மந்திரி ரூபியோ அறிவித்தார். 1961-இல் கென்னடி காலத்தில் பிறந்த அந்த ஸ்தாபனம் ஜூலை 1-ஆம் தேதி அந்நிய இலாகாவுக்குள் கரைந்து மறைந்தது. வாஷிங்டனில் இட்ட கையெழுத்து ஹைதராபாதில் வந்து விழுந்தது. திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் வைத்தியம் செய்வதற்கென 2021-இல் அங்கே திறந்த மித்ர் கிளினிக், 2025-இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. பின்னர் இந்திய தர்மநிதி ஒன்றின் உதவியால் வேறு பெயருடன் மீண்டது. இடைப்பட்ட மாதங்களில் அங்கு வந்து பழகிய நோயாளி எங்கே போயிருப்பார் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். அவ்வித வைத்தியம் மருந்தைவிட நம்பிக்கையால் நடப்பது. நம்பிக்கையோ அங்கே உட்கார்ந்திருக்கும் குறிப்பிட்ட மனிதர்களிடம் வைக்கப்படுவது. அந்த மனிதர்களை ஒருமுறை கலைத்துவிட்டால் கட்டிடத்தை மீண்டும் திறப்பது பாதிக் காரியந்தான்.

அப்படியானால் உள்நாட்டுப் பணம் எங்கே? இருக்கிறது, ஏராளமாகவே இருக்கிறது. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி வியாபாரமோ, 5 கோடி நிகர லாபமோ உடைய கம்பெனிகள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட்டாக வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது அமுலில் உள்ளது. 2022-23-இல் இவ்வகையில் செலவானது ஏறக்குறைய 30,000 கோடி ரூபாய். சட்டத்தால் கட்டாயப்படுத்தி இவ்வளவு பணத்தைத் தர்மத்துக்கு இழுத்த தேசங்கள் உலகில் மிகச் சிலவே. நாம் இதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் அப்பணம் எப்படி வருகிறது? மார்ச்சு மாதம் நெருங்குகையில் அவசர அவசரமாக வருகிறது. தொழிற்சாலையும் தலைமை ஆபீசும் உள்ள இடத்துக்கே பெரும்பாலும் போகிறது. ஆகவே மகாராஷ்டிரம் ஆண்டுதோறும் முதலிடம் பெறுகிறது. தொடர்ந்து நடக்கும் திட்டமென்று விதிகள் அங்கீகரிப்பதும், ஆரம்பித்த ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. மூன்றாண்டில் ஒரு பள்ளிக்குக் கக்கூஸ் கட்டிவிடலாம். ஒரு கிராமத்தில் குழந்தை விவாகத்தை நிறுத்த முடியுமா? முதலாண்டு பெற்றோர் வாசலில் நிற்க வைத்துப் பேசுவார்கள். இரண்டாமாண்டு திண்ணையில் உட்காரச் சொல்வார்கள். மூன்றாமாண்டு மனத்திலிருப்பதைச் சொல்வார்கள். அப்பொழுது திட்டம் முடிந்துவிட்டதென்று ஊழியருக்கு நோட்டீசு வரும்.

இங்கும் அதே நிர்வாகச் செலவு என்ற பூதம் குறுக்கே நிற்கிறது. 2021 ஜனவரியில் வெளியான விதிகள், கம்பெனியின் நிர்வாக மேற்செலவு ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. கம்பெனி தன் சொந்த ஆபீசில் இக்காரியத்துக்காகச் செய்யும் பொதுச் செலவுக்கே இந்த வரம்பு. தொண்டு ஸ்தாபனத்தின் செலவை இது கட்டுப்படுத்தவில்லை என்று சர்க்காரே 2021 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்துவிட்டது. சட்டம் தெரிந்தவர்களுக்கு இதில் மயக்கம் எதுவுமில்லை. ஆனாலும் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் பலர் அதே ஐந்தைக் காட்டித் தொண்டு ஸ்தாபனத்தையும் நெருக்குகிறார்கள். தங்கள் ஆடிட்டருக்கும் மானேஜருக்கும் ஆளெடுக்கும் இலாகாவுக்கும் அவர்கள் கொடுப்பது என்னவென்று லாபநஷ்டக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். சோப்பு விற்பதற்கு அவசியமான மேற்பார்வையும் கணக்கும் பயிற்சியும், காசநோயாளிக்கு ஆறு மாதம் தவறாமல் மாத்திரை கொடுப்பதற்கு மட்டும் எப்படி அநாவசியமாகும்?

விளைவை வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். திட்டத்துக்கு எட்டுப் பேர் தேவையென்றால் ஐந்து பேருக்குச் சம்பளம் கிடைக்கிறது. கணக்கர் மூன்று திட்டங்களின் கணக்கை ஒருவராய் எழுதுகிறார். பதினொரு மாத ஒப்பந்தம். ஒரு மாதம் இடைவெளி. மறுபடி பதினொரு மாதம். இடைவெளி மாதத்திலும் அநேகர் வேலைக்கு வந்துகொண்டேயிருக்கிறார்கள், ஏனெனில் நோயும் பசியும் இடைவெளி விடுவதில்லை. சமூக சேவையில் எம்.ஏ. பட்டம் பெற்ற இளைஞர் இரண்டு வருஷம் மோட்டார் சைக்கிளில் கிராமங்களைச் சுற்றுகிறார். விவாகப் பேச்சு வந்ததும் பெண் வீட்டார் சம்பளத்தை விசாரிக்கிறார்கள். அடுத்த மாதம் அவர் பாங்கிலோ இன்ஷூரன்ஸ் கம்பெனியிலோ சேர்ந்துவிடுகிறார். அவரை நாம் குறை சொல்ல மாட்டோம். அவர் போகும்போது நூறு குடும்பங்களின் சரித்திரமும் அவரோடு போய்விடுகிறது என்பதே நம் கவலை. அவருக்குப் பதிலாக வருபவர் முதல் வீட்டு வாசலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

"தொண்டுக்கு வந்தவன் சம்பளம் பேசலாமா? நம் முன்னோர் தியாகத்தாலல்லவா தேசத்தை எழுப்பினார்கள்?" என்று கேட்பார்கள். முன்னோர் செய்ததைச் சரியாகத் தெரிந்துகொண்டு பேசுவது நலம். கோகலே பெர்கூஸன் கலாசாலையில் மாதம் 75 ரூபாய்க்கு உழைத்தார் என்பது உண்மை. அவரும் அவர் தோழர்களும் இருபது வருஷம் உழைப்பதாக விரதம் பூண்டவர்கள். அதற்கு ஈடாக அவர்களைக் கைவிடாதிருக்கும் பொறுப்பை ஸ்தாபனமும் ஏற்றிருந்தது. விலகும்போது சிறு உபகாரச் சம்பளமும் உண்டு. 1905-இல் அவர் பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவியபோது, சேருவோருக்கு ஐந்தாண்டுப் பயிற்சியும், அங்கத்தினர்களின் ஜீவனத்துக்குச் சங்கமே ஏற்பாடு செய்யும் என்ற விதியும் வைத்தார். கோகலேக்குப் பின் அதன் தலைமையை ஏற்றவர் நம் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார். எளிய வாழ்க்கை, ஆனால் நிச்சயமான வாழ்க்கை. இன்று நாம் ஊழியரிடம் கேட்பது எளிமை மட்டுமல்லவே! அடுத்த ஏப்ரலில் வேலை இருக்குமா என்ற பயத்தையும் சேர்த்துச் சுமக்கச் சொல்கிறோம். அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது கோகலேயை அவமதிப்பதாகும்.

மகாத்மாவின் பெயரையும் இவ்விவாதத்தில் இழுப்பதுண்டு. பொது ஸ்தாபனங்கள் நிலைநிதி வைத்துக்கொண்டு அதன் வட்டியில் நடப்பது தகாது, வருஷந்தோறும் ஜனங்கள் மனமுவந்து தரும் சந்தாவிலேயே நடக்க வேண்டும், இல்லாவிடில் அவை ஜனங்களுக்குப் பதில் சொல்லும் கடமையை மறந்துவிடும் என்று அவர் தமது சுயசரிதையில் எழுதியது அநேகருக்குத் தெரியும். இதில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. ஆனால் இதை மேற்கோள் காட்டுவோர் 1935-ஐ மறந்துவிடுகிறார்கள். அவ்வாண்டில் அகில இந்திய சர்க்கா சங்கம், நூல் நூற்கும் பெண்களுக்கு ஜீவனத்துக்குப் போதிய கூலி கொடுத்தே தீர வேண்டுமென்று அவருடைய வற்புறுத்தலால் தீர்மானித்தது. கதர் விலை ஏறும், விற்பனை குறையும் என்று அநேகர் அஞ்சினார்கள். காந்தியடிகள் விட்டுக்கொடுக்கவில்லை. நூற்பவள் பட்டினி கிடக்க, வாங்குபவர் மலிவாய் உடுப்பது அவருக்குச் சம்மதமாயில்லை. கதருக்குப் பொருந்திய இந்த நியாயம் மருந்துக்கும் கல்விக்கும் மட்டும் பொருந்தாமற் போகுமா?

சட்டம் சம்பந்தமான இன்னொரு விஷயம் பத்திரிகைகளில் போதிய கவனம் பெறவில்லை. 1978-இல் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில், ஏழு நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு, நீதிபதி கிருஷ்ணய்யரின் பிரதானத் தீர்ப்பின் மூலம், தர்ம ஸ்தாபனங்களையும் பெரும்பாலும் 'தொழில்' என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது. முதலாளிக்குத் தர்மசிந்தை இருக்கலாம். ஆனால் கூலிக்கு உழைப்பவனுக்கு அவன் வேலை ஜீவனோபாயமே என்பது அத்தீர்ப்பின் சாரம். அகாரணமாய் நீக்கப்பட்ட ஊழியர் லேபர் கோர்ட்டு வாசலை மிதிக்க அது வழி திறந்தது. 1982-இல் அவ்வழியை மூடும் திருத்தம் ஒன்று சட்டப் புஸ்தகத்தில் ஏறியது. அந்தப் பகுதி அமுலுக்கு வராமலே கிடந்தது. இப்பொழுதோ 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, முழுமையாகவோ கணிசமாகவோ தர்மகாரியங்களில் ஈடுபட்ட அமைப்புகளின் ஸ்தாபனங்களைத் 'தொழில்' என்பதிலிருந்து விலக்கிவிட்டது. 2025 நவம்பர் 21-இல் அது அமுலுக்கு வந்தது. ஸ்தாபனங்களை நடத்துவோர் சிலருக்கு இது சந்தோஷமளிக்கலாம். ஏற்கனவே சம்பளம் குறைவு, நிச்சயம் இல்லை. இனி முறையிடும் வாசலும் குறுகிவிட்டதென்றால், படித்த இளைஞர்களை எதைக் காட்டி இப்பணிக்கு அழைப்பது?

ஸ்தாபனங்களின் மேலும் குற்றம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது பத்திரிகை தர்மமாகாது. தகப்பன் தலைவர், மகன் காரியதரிசி, மருமகள் பொக்கிஷதார் என்று குடும்பச் சொத்தாக நடத்தப்படும் டிரஸ்டுகளை வாசகர்கள் தத்தம் ஊர்களிலேயே பார்த்திருப்பார்கள். தலைவருக்குக் காரும் வெளிநாட்டு யாத்திரையும் குறைவதில்லை. கிராம ஊழியருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. கையெழுத்து ஒரு தொகைக்கும் கையில் கொடுப்பது வேறொரு தொகைக்குமாய் நடக்கும் அக்கிரமமும் உண்டு. கொடுப்பவர் சந்தேகப்படுவதற்கு இவர்களே காரணம். அன்றியும், உண்மையான செலவை ஒளித்துக் குறைத்துக் காட்டும் பழக்கத்தில் யோக்கியமான ஸ்தாபனங்களும் விழுந்துவிட்டன. "எங்கள் நிர்வாகச் செலவு மூன்றே சதவீதம்" என்று பெருமையோடு விளம்பரம் செய்கிறார்கள். அது மெய்யானால் ஊழியரைச் சுரண்டுகிறார்கள். பொய்யானால் கணக்கைத் திரிக்கிறார்கள். இந்த விளம்பரத்தைப் பார்த்த கனவான் அடுத்த ஸ்தாபனத்திடம், "அவர்களுக்கு மூன்று போதுமே, உமக்கேன் பதினைந்து?" என்று கேட்கிறார். இவ்விதமாய் ஒருவரையொருவர் பட்டினிப் போட்டிக்கு இழுக்கிறார்கள்.

தன் காலில் நிற்கும் ஸ்தாபனங்களும் நம்மிடையே உள்ளன. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பின் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. பணம் கொடுக்கக்கூடியவர் கொடுக்கும் கட்டணத்தைக்கொண்டே ஏழைகளுக்கு இலவசமாகவோ மலிவாகவோ சிகிச்சை நடக்கிறது. கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்துக் கண் வைத்தியத் துணைவர்களாக்கியது அதன் வெற்றிக்கு ஒரு பெருங்காரணம்; ஊழியரைத் தயார்செய்வதைச் செலவாக எண்ணாமல் மூலதனமாக எண்ணினார்கள். ஆனால், "எல்லாரும் அரவிந்தைப் பின்பற்றட்டுமே" என்று சொல்லிவிடுவது சுலபம். கண்புரை பணக்காரருக்கும் வரும். ஆகவே கட்டணம் வாங்கலாம். கொத்தடிமைத்தனம் பணக்காரருக்கு வருவதில்லை. தெருவில் திரியும் சித்தப்பிரமை கொண்டவரிடமும் அடிபட்டு ஓடிவந்த பெண்ணிடமும் கட்டணம் கேட்க முடியாது. அவர்களுக்கு உழைப்பவரின் சம்பளத்தை வேறு யாரேனும் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

அந்த வேறு யாரேனும் பொதுஜனங்களாக இருக்க வேண்டுமென்பது நம் விருப்பம். 1921-இல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு மூன்று மாதத்தில் ஒரு கோடி ரூபாய் சேர்த்த தேசம் இது. செல்வரின் ஆயிரத்தோடு ஏழையின் அணாவும் அதில் கலந்தது. இன்று கைபேசியிலிருந்தே பத்து ரூபாயைச் செலவின்றி அனுப்பலாம். வசூலுக்கு உண்டியல் தூக்கி அலைய வேண்டியதுமில்லை. ஆனால் சர்க்காரின் வரிக்கொள்கை வேறு திசையில் போகிறது. 2023-24 முதல் இயல்பான முறையாக்கப்பட்ட புதிய வருமான வரி முறையில், தனி நபர் தர்மத்துக்குக் கொடுத்த தொகைக்குக் கழிவு கிடையாது. வரிச் சலுகைக்காகவே கொடுப்பது உத்தம தானமாகாது என்று சாஸ்திரம் பேசலாம். இருந்தும் மாதச் சம்பளக்காரர் கைக்கு ஒரு தூண்டுகோலாய் இருந்தது போய்விட்டதென்பது உண்மை. அந்நியரிடம் வாங்காதே என்று சொல்லும் சர்க்கார், சொந்த ஜனங்கள் கொடுப்பதை எளிதாக்க வேண்டாமா? நிதி மந்திரி அடுத்த பட்ஜெட்டில் இந்தக் கழிவைப் புதிய முறைக்கும் விரிப்பாராயின் பொக்கிஷம் வற்றிவிடாது.

உள்நாட்டு இலாகா செய்ய வேண்டியதும் உண்டு. இருபது சதவீத வரம்பில், ஏழை ஜனங்களோடு நேரில் பழகி வேலை செய்யும் எந்த ஊழியரின் சம்பளத்தையும், சட்டமே கோரும் கணக்கு, அறிக்கை ஆகியவற்றின் செலவையும் சேர்க்கலாகாது என்று விதியைத் திருத்தலாம். அதற்குப் பார்லிமெண்டு கூட வேண்டியதில்லை. பதிவு பெற்ற ஒரு சங்கம் பதிவு பெற்ற இன்னொரு சங்கத்துக்கு உதவுவதை மீண்டும் அனுமதிப்பதற்குச் சட்டத்தையே திருத்தியாக வேண்டும். தமிழ்நாட்டு எம்.பி.க்கள் இதைச் சபையில் கிளப்பினால் எல்லாக் கட்சிகளிலும் ஆதரவு தேடலாம் என்று நம்புகிறோம். கம்பெனி டைரக்டர்களோ புதிய சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வருஷ ஒப்பந்தத்திலேயே மேற்பார்வையாளர், கணக்கர் ஆகியோரின் சம்பளத்தையும், பிராவிடண்டு நிதியையும், கிராஜுவிட்டியையும் தனித்தனி இனமாய் எழுதிக் கொடுக்கலாம்.

ஸ்தாபனங்கள் தங்கள் பங்குக்கு, தலைவர் முதல் தோட்டி வரை யாருக்கு என்ன சம்பளம் என்பதைத் தமிழில் அச்சிட்டு வாசலில் ஒட்டட்டும். அதைப் பார்க்கும் ஜனங்களில் சிலர் கோபிப்பார்கள், சிலர் வெட்கப்படுவார்கள். தொண்டு ஸ்தாபனங்களுக்கு வருஷத்தில் ஒருமுறை பிறந்த நாளுக்கு அன்னமளிக்கும் வாசகர்களை நாம் கேட்டுக்கொள்வது இது. இந்த ஆண்டு அத்தொகையைப் பன்னிரண்டு பங்காக்கி மாதந்தோறும் அனுப்புங்கள். ரசீதில் எந்தக் கணக்கில் எழுதுவதென்று கேட்டால், சம்பளக் கணக்கில் என்று சொல்லுங்கள்.